கவரி வீசிய கை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



அரச விழாக்களின் திரைமறைவில் நடப்பதை அறியத் துடிக்கும் ஆவலைப் பற்றி இன்று பேச விழைகிறேன். மக்களாட்சி மலர்ந்த நாட்டில், தாம்பரத்தில் கூடியிருக்கும் தமிழ்க் கவிஞர்களுக்கும் அரச விழாவுக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். உறவு உண்டு. பல்லக்கைக் கண்ட கண், அதைச் சுமக்கும் தோளைக் காண்கிறதா என்பதே கவிதையின் முதற் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை சொன்ன பெருமகனார் ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர். அவரிடம் வருவதற்கு முன், சற்றே கடல் கடந்து சென்று வருவோம்.

1953ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இரண்டாம் எலிசபெத் அரசியாருக்கு முடிசூட்டு விழா நடந்தது. பேராலயத்திற்குள் தொலைக்காட்சிக் கருவிகளை விடலாகாது என்றுதான் முதலில் முடிவு செய்தார்கள். மக்கள் கொதித்தெழவே அம்முடிவு மாறியது. பிரிட்டனில் மட்டும் இரண்டு கோடிப் பேருக்கு மேல் அவ்விழாவைத் தொலைக்காட்சியில் கண்டனர். ஆயினும் ஒரு கட்டம் வந்தபோது கருவிகள் கண்களை மூடிக்கொண்டன. அரசியாருக்குத் திருத்தைலம் பூசும் கட்டம் அது. நான்கு வீரப் பெருமக்கள் மேற்கட்டி ஏந்தி நிற்க, அதன் கீழே அச்சடங்கு நடந்தது. விழாவின் உயிர்நாடி எதுவோ, அது மட்டும் உலகத்தின் பார்வைக்குக் கிட்டவில்லை.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2023ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், அவருடைய மைந்தர் மூன்றாம் சார்லஸ் முடிசூடினார். இம்முறை நம் வீட்டுக் கூடங்களில் அமர்ந்தபடியே அதைக் காண முடிந்தது. அரசருடைய சட்டைப் பொத்தான் வரை காட்டிய கருவிகள், தைலம் பூசும் வேளையில் மீண்டும் விலகி நின்றன. மூன்று பக்கமும் திரை வந்து மறைத்தது. அத்திரையிலே ஒரு மரம். அம்மரத்தின் இலைகளில் காமன்வெல்த் நாடுகள் ஐம்பத்தாறின் பெயர்களையும் தைத்திருந்தார்கள். நம் நாட்டின் பெயரும் அவற்றுள் ஒன்று.

அன்பர்களே, இந்தத் திரையைச் சற்று உற்று நோக்குங்கள். அத்திரை மறைத்தவை இரண்டு. ஒன்று, அதற்கு அப்பால் நடந்த சடங்கு. மற்றொன்று, அந்தத் திரையையே தைத்த விரல்கள். முன்னதைப் பற்றி உலகமே வியந்து கேட்டது. பின்னதைப் பற்றி எத்தனை பேர் கேட்டார்கள்?

திரைமறைவு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதில் இரண்டு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று மறை; மற்றொன்று உழைப்பு. நம் கோயில்களிலும் திரை உண்டு. அலங்காரத்தின்போதும் நிவேதனத்தின்போதும் திரை போடுவார்கள். அத்திரையை விலக்கிப் பார்க்க எந்த அடியவரும் முனைவதில்லை. காத்திருப்பதே வழிபாட்டின் ஒரு பகுதி என்று நாம் அறிவோம். திரை விலகித் தீபாராதனை ஒளியிலே திருமுகம் தெரியும்போது வருகிற சிலிர்ப்பு, காத்திருந்தவர்களுக்கே உரியது. மறைக்கு நாம் தரும் மரியாதை அது. ஆனால் மடப்பள்ளிப் புகையில் நின்று நிவேதனம் சமைத்தவரும், விடியுமுன் மலர் பறித்து மாலை தொடுத்தவரும் மறைபொருள்கள் அல்லர். அவர்களை மறைப்பது திரை அன்று, நம்முடைய கவனக்குறைவு.

மறையைக் கிழித்துப் பார்க்க முனையும் ஆவல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் சான்று உண்டு. 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், பாரிஸ் நகரில் இளவரசி டயானா ஊர்தி விபத்தில் மாண்டார். படம் பிடிப்போர் அவரைத் துரத்தி வந்திருந்தனர். அவருடைய ஊர்தியை ஓட்டியவரின் பெரும் பொறுப்பின்மையும், பின்தொடர்ந்த ஊர்திகளின் பெரும் பொறுப்பின்மையுமே காரணம் என்று 2008இல் லண்டன் விசாரணையின் நடுவர் குழு தீர்ப்புரைத்தது. அந்தப் படங்களுக்கு விலை கொடுத்தவை ஏடுகள். அந்த ஏடுகளுக்கு விலை கொடுத்தவர்கள் வாசகர்கள். ஆவலுக்கும் அறம் வேண்டும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுமா?

அத்துயரம் நிகழ்ந்து ஏழு வாரங்கள்கூட நிறையாத நேரத்தில், அதே ஆண்டு அக்டோபரில், எலிசபெத் அரசியார் சென்னைக்கு வந்தார். தரமணியில் அன்று இருந்த எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில், கமல்ஹாசன் அவர்களின் 'மருதநாயகம்' படத் தொடக்க விழாவில் கலந்துகொண்டார். வாழ்நாள் முழுதும் பிறர் பார்வைக்கு இலக்காக இருந்த ஓர் அரசியார், அன்று தாமே பார்வையாளராக அமர்ந்தார். பழைய அரண்மனைகளையும் போர்களையும் ஒப்பனையாலும் அட்டையாலும் கட்டியெழுப்பும் உலகத்தைக் காண வந்தார். அரசருக்கும் அந்த ஆவல் உண்டு என்பதை நம் தென்சென்னை அன்று கண்டது. படம் முற்றுப்பெறவில்லை. அரசியாரின் வருகை நம் நினைவில் நிற்கிறது. அன்று அரங்கை அமைத்த தச்சர்களையும் தையற்காரர்களையும் யார் நினைவில் வைத்திருக்கிறோம்?

இனி நம் இலக்கியத்திற்கு வருவோம். அரங்கின் பின்புறத்தை முன்புறத்திற்குக் கொண்டுவந்த முதற்பெருங் கவிஞர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நினைவுகூருங்கள். மாதவி அரங்கிலே வலக்கால் வைப்பதற்கு முன் அடிகள் நம்மை எத்தனை பேரிடம் அழைத்துச் செல்கிறார்! ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவருடைய தகுதியையும் தனித்தனியே எடுத்துரைக்கிறார். பிறகு அரங்கின் அளவைச் சொல்கிறார். இருபத்து நான்கு பெருவிரல் அளவுள்ள கோலால் எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைச் சொல்கிறார். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை நிறுத்திய நுட்பத்தையும் விடாமல் சொல்கிறார். அந்த விளக்கை நிறுத்தியவன் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவனுடைய அறிவு காப்பியத்தில் ஏறிவிட்டது.

அந்த அரங்கேற்றமும் ஓர் அரச விழாவே. தோற்ற பகைவேந்தனின் வெண்குடைக் காம்பால் ஆன தலைக்கோலைப் புனித நீராட்டி, மாலை சூட்டி, பட்டத்து யானையின் கையில் தந்து, முரசு முழங்க எடுத்து வருகிறார்கள். அரசனும் ஐம்பெருங்குழுவும் தேரை வலம் வந்து, தேர்மீது நின்ற கவிஞனின் கையில் அதைக் கொடுக்கிறார்கள். கவிஞர்களே, இதனை எண்ணிப் பாருங்கள்! போர்க்களத்தில் கவர்ந்த ஆணையின் சின்னம், கலையின் சின்னமாக மாறுவது ஒரு கவிஞனின் கையில்தான். அத்தகைய கை, பொற்காசுக்கு மட்டும் நீளலாமா?

அடிகள் காட்டிய வழியில் இன்னும் நெடுந்தொலைவு நடந்தவர் தெய்வச் சேக்கிழார். நான் முன்னர்க் குறித்த பக்கத்து ஊர்க்காரர் அவரே. பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியே சென்றால் குன்றத்தூர். அவ்வூரில் பிறந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் எனக் கொள்ளப்படும் அநபாய சோழனுக்கு அமைச்சரானார். அரண்மனையின் திரைமறைவை அமைச்சரைவிட அறிந்தவர் யார்? மன்னனின் மந்தணங்களை எழுதியிருந்தால் நாடே விரும்பிப் படித்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை.

உமாபதி சிவம் அருளியதாகப் போற்றப்படும் சேக்கிழார் புராணம் கூறும் வரலாறு நீங்கள் அறிந்ததே. மன்னன் சீவக சிந்தாமணியின் சுவையில் தோய்ந்திருந்தான். அதுவும் ஓர் அரசகுமரனின் கதை. அரசன் அரசனைப் பற்றிக் கேட்டு மகிழ்வது இயல்பு. சேக்கிழார் அந்த ஆவலைக் கடியவில்லை; அதன் திசையைத் திருப்பினார். தொண்டர்களின் கதையைக் கேட்குமாறு செய்தார்.

யார் அந்தத் தொண்டர்கள்? அடியார் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், மண்பாண்டம் வனைந்த திருநீலகண்டர், குங்கிலியத் தூபமிட்ட கலயர். அரசர்களும் அந்நூலில் உண்டு. ஆனால் சலவை செய்தவருக்கும் சக்கரம் சுழற்றியவருக்கும் பக்கத்தில், சமமான அடியவராகவே அவர்கள் நிற்கிறார்கள்.

ஆதனூர் நந்தனாரை மட்டும் சற்று நின்று நோக்குவோம். கோயில் முரசுகளுக்குப் போர்வைத் தோலும், இழுத்துக் கட்டும் விசிவாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவர் அவர். அவர் தந்த தோல் கருவறைக்கு அருகே முழங்கியது. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். திருவிழாவின் ஓசையே அவருடைய கொடை. ஆனால் திருவிழாவில் அவருக்கு இடமில்லை. திரைக்குப் பின்னால் என்பதற்கு இதைவிடக் கொடிய பொருள் உண்டா? சேக்கிழார் அந்த முரசின் ஓசையைப் பாடுவதோடு நின்றிருக்கலாம். அத்தோல் எவர் கையிலிருந்து வந்தது என்பதையும் எழுதிவைத்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வரிகள் நம்மை உறுத்துகின்றன, உறுத்த வேண்டும். ஏனெனில் நாம் வாழும் குரோம்பேட்டையின் பெயரே தோலிலிருந்து வந்தது. குரோம் லெதர் தொழிற்சாலை ஊருக்குத் தன் பெயரைத் தந்தது. பம்மலிலும் நாகல்கேணியிலும் தோல் பதனிட்டவர்களின் கைகளை நம் கவிதை எத்தனை முறை தொட்டிருக்கிறது?

சேக்கிழார் காட்டும் இன்னொரு காட்சி, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கே எழுதியதுபோல் இருக்கிறது. காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளி எடுத்தான். அவன் கயிலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மனே என்று அறிஞர் பலர் கொள்வர். குடமுழுக்குக்கு நாளும் குறித்தாயிற்று. அந்நாளுக்கு முன் இறைவன் கனவிலே தோன்றி, நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலில் நாளை நான் புக வேண்டும், நீ உன் விழாவைத் தள்ளி வை என்றான். மன்னன் நின்றவூருக்கு விரைந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டான். அப்படி ஒரு கோயிலே இங்கில்லை என்றனர் ஊரார். பொருள் தேடியும் கிடைக்காத அந்த ஏழை, தன் மனத்துக்குள்ளேயே பொருள் சேர்த்து, தச்சரைத் திரட்டி, அடித்தளமிட்டு, சிகரம் எழுப்பி, சுதை தீட்டி, கிணறும் குளமும் தோண்டி, மதிலும் சுற்றி முடித்திருந்தார். நாடாளும் மன்னன் அவர் காலில் விழுந்தான்.

அன்று காஞ்சியில் கூடிய மக்கள், மன்னனின் விழா ஏன் தள்ளிப்போயிற்று என்று எத்தனை விதமாகப் பேசியிருப்பார்கள்! அரண்மனைப் பூசலோ, பொருள் முட்டுப்பாடோ என்று ஊகித்திருப்பார்கள். உண்மைக் காரணம், நின்றவூரில் ஓர் ஏழையின் நெஞ்சுக்குள் இருந்தது. அதைக் காண வேண்டுமானால் ஒட்டுக் கேட்கும் காது போதாது; தேடிச் செல்லும் கால் வேண்டும். மன்னனுக்கு அந்தக் கால் இருந்தது. கவிஞனுக்கும் அதுதான் வேண்டும்.

தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் பெரிய புராணம் அரங்கேறிய நாளோடு என் உரையை நிறைவு செய்ய விரும்புகிறேன். நூலையும் நூலாசிரியரையும் பட்டத்து யானைமேல் ஏற்றினார்கள். மன்னன் என்ன செய்தான்? தானும் அதே யானைமீது ஏறிப் பின்னே அமர்ந்து, தன் கையாலேயே கவரி வீசினான் என்று உரைக்கிறது சேக்கிழார் புராணம். கவரி வீசுவது பணியாளரின் தொழில். அரியணைக்குப் பக்கத்திலேயே நின்றும், எந்தக் கண்ணுக்கும் படாத கை அது. தொண்டர் கதையை ஓராண்டு கேட்டு முடித்த மன்னன், தானே அந்தக் கையாக மாறினான். ஒரு காப்பியம் செய்யக்கூடிய மாற்றம் இதைவிடப் பெரிதாக என்ன இருக்க முடியும்?

நம் வட்டத்திற்கும் இது பத்தாம் ஆண்டு விழா. மேடை உண்டு, மாலை உண்டு, மலர் உண்டு. இம்மலரில் தலைமை தாங்கியோர், வாழ்த்துரைத்தோர் பெயர்கள் இடம்பெறும், இடம்பெற வேண்டியவையே. அவற்றோடு இன்னும் ஒரு பக்கம் சேர்க்க வேண்டுகிறேன். நாற்காலி சுமந்தவர், ஒலிபெருக்கி அமைத்தவர், தேநீர் தந்தவர், அச்சகத்தில் கண்விழித்து எழுத்துப் பிழை திருத்தியவர் ஆகியோரின் பெயர்கள், அவர்களுடைய இசைவோடு, அப்பக்கத்தில் இடம்பெறட்டும். கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த துணி ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவின் நைஜீரியா வரை சென்றது. அதை யார் அணிந்து எந்த விழாவுக்குப் போனார்கள் என்பதை நெய்தவர் அறியார்; நெய்தவர் யாரென்பதை அணிந்தவர் அறியார். அந்த இருவரையும் ஒரு பாட்டில் சந்திக்கச் செய்யுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அந்தப் பாட்டைக் கேட்க நான் முன்வரிசையில் அமர்ந்திருப்பேன்.