மே மாசம் பிபி இறங்கிட்டா குணமாயிடுச்சா?

இன்னைக்கு எபிசோட் எங்க வீட்டுக் கதையில இருந்து ஆரம்பிக்குது.

நாங்க இருக்கிறது மேனாம்பேடு. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு லேத் பட்டறையில வேலை. தகர ஷீட் கூரை. கத்திரி வெயில்ல உள்ளே சும்மா நின்னாலே சட்டை நனைஞ்சிடும். மூணு வருஷமா பிபி மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தார்.

ஒரு மே மாசம் மத்தியானம், குனிஞ்சு நிமிர்ந்தவருக்குக் கண்ணை இருட்டிக்கிட்டு வந்துடுச்சு. கூட வேலை செய்றவங்க பிடிச்சு உட்கார வெச்சாங்க. சாயங்காலம் வீட்டுல பார்த்தா 102-க்கு 64. "பிபி இறங்கிடுச்சு பாரு, இனிமே எதுக்கு மாத்திரை?"ன்னு அவரே நிறுத்திட்டார். நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

மார்கழியில தெருமுனையில ஒரு மருத்துவ முகாம். சும்மா கையை நீட்டினார். 172-க்கு 104. ஒரு தலைவலி கூட இல்லை.

என்ன நடந்துச்சு? வெயில்ல உடம்பு சூட்டை வெளியேத்த, தோலுக்குப் பக்கத்துல இருக்கிற ரத்தக் குழாய்கள் விரியும். வேர்வையில தண்ணியும் உப்பும் போயிடும். குழாய் பெருசு, உள்ளே ஓடுறது கம்மி, அதனால அழுத்தம் இறங்குது. அதே நேரம் மாத்திரையும் அழுத்தத்தை இறக்குது. அதுலயும் சிறுநீரை அதிகமாக்குற வகை மாத்திரைன்னா, தண்ணி இன்னும் வேகமா போகும். அதனாலதான் சட்டுனு எழுந்தா தலை சுத்துது.

குளிர்ல இது தலைகீழ். சூட்டைக் காப்பாத்த குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். "சென்னையில ஏதுப்பா குளிர்?"னு கேப்பீங்க. மே மாச மத்தியானம் 38 டிகிரி, ஜனவரி விடியற்காலை 21 டிகிரி. அந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். குளிர்காலத்துல மேல் அளவு சராசரியா 5 புள்ளி வரைக்கும் கூடுறதா பல நாட்டு ஆய்வுகள் சொல்லுது. வயசானவங்களுக்கு இன்னும் கூடலாம்.

ஆனா கவனிங்க: 5 புள்ளிதான். அப்பாவோட 172-க்குக் குளிர் மட்டும் காரணம் இல்லை. மாத்திரை இல்லாத ஏழு மாசம்தான் பெரிய காரணம். மே மாசம் வந்த நல்ல ரீடிங், வெயிலும் மாத்திரையும் சேர்ந்து கொடுத்தது. நோய் போகலை.

சரி, என்ன செய்யலாம்?

வெயில் காலத்துல தலை சுத்தினா, உடனே நிழல்ல உட்காருங்க, தண்ணி குடிங்க. ரீடிங்கைக் குறிச்சு வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. மாத்திரை அளவைக் குறைக்கணும்னா அவர் குறைப்பார். நாமளா நிறுத்தக் கூடாது. மழைக்காலம் முடிஞ்சு குளிர் தொடங்கும்போது மறுபடியும் பாருங்க.

பார்க்கிறதுக்கும் முறை இருக்கு. வெயில்ல இருந்து வந்த வேகத்துல பட்டையைக் கட்டாதீங்க. காபி, சிகரெட் முடிஞ்சு அரை மணி நேரம் ஆகட்டும். அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்துல வெச்சு, ரெண்டு தடவை பாருங்க.

இன்னொண்ணு, மோர். வெயிலுக்கு நல்லதுதான். ஆனா பிபி இருக்கிறவங்களுக்கு அதுல உப்பை அள்ளிப் போடாதீங்க. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள இருக்கணும்.

வெயில்ல ஒருத்தர் மயங்கி விழுந்தாலோ, குழப்பமா பேசினாலோ, இல்ல எந்தக் காலத்துலயும் வாய் கோணி ஒரு பக்கம் கை கால் வரலைன்னாலோ, காத்திருக்காம 108-க்கு அடிங்க.

செலவுன்னு தள்ளிப் போட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி பார்க்கிறதும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறாங்க.

அப்பா இப்போ மறுபடியும் மாத்திரையில இருக்கார். அடுத்த கோடையில டாக்டரே அளவைக் குறைச்சுக் கொடுத்தார், குளிருக்கு முன்னாடி ஏத்தினார். காலண்டர்ல அப்பாவே ரீடிங் எழுதுறார்.

இதைக் கேட்டு முடிச்சதும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. "மாத்திரை சாப்பிட்டீங்களா?"னு மட்டும் கேட்டா, "ம்"னு சொல்லிடுவாங்க. "கடைசியா எப்போ பிபி பார்த்தீங்க, எவ்வளவு இருந்துச்சு?"னு கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.