கூலியும் நம்பிக்கையும்

தஞ்சாவூர் சிவகங்கைக் குளத்துக்குப் பக்கத்தில் 1779-இல் கட்டிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதற்குள்ளே ஜான் பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி செதுக்கிய பளிங்குப் பலகை. கட்டிலில் ஒரு கிழவர் சாகக் கிடக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், சில மாதங்களில் தஞ்சைக்கு அரசராகப் போகும் சரபோஜி. கட்டிலோரத்தில் பள்ளிப் பிள்ளைகள்.

படுத்திருப்பவர் சுவார்ட்ஸ் ஐயர். 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி. 1798-இல் கண்மூடும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ஆயுள் முழுக்க வீடுவீடாகப் போனவரை, கடைசியில் மற்றவர்கள் வந்து பார்க்கிறார்கள்.

அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, ஹைதர் அலியின் படை தஞ்சையைச் சூழ்ந்த சமயம். கோட்டைக்குள் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் கிடந்தது. சுமந்து வர மாடுதான் இல்லை. கொடுக்க யாருக்கும் மனசில்லை. ஏற்கெனவே நெல் கொண்டுவந்த ஏழைகளின் கூலியை இடைத்தரகர்களான துபாஷிகள் சுருட்டியிருந்தார்கள். அரண்மனை ஆணைக்கு மதிப்பு அவ்வளவுதான். சுவார்ட்ஸ் நாலு திசைக்கும் கடிதம் அனுப்பினார்: காணாமல் போகும் ஒவ்வொரு மாட்டுக்கும் என் கையால் பணம் தருவேன் என்று. ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் சபையாரும் உயிரைப் பணயம் வைத்துப் போய், 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் சேர்த்தார்கள். அவர்களுக்குரிய கூலியைச் சுவார்ட்ஸ் கொடுத்தார்.

போனது கடிதம்தானே, நேரில் போகவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காகிதத்தைப் பார்த்தா மாட்டை அவிழ்த்தார்கள்? தங்கள் மொழியில் பேசிப் பழகிய முகம் ஒன்று அதற்குப் பின்னால் இருந்தது.

2020-இல் கொரோனா ஊரடங்கில் கோயில் கதவுகள் அடைத்திருந்தபோது செல்பேசியில்தான் ஆராதனை பார்த்தோம். அதைக் குறை சொல்ல மாட்டேன். பழகிய குரல் என்பதால்தான் அது ஒட்டியது.

என் தகப்பனார் ஐசியூவில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த ஜெபங்களை எண்ண முடியாது. எங்கள் ஆயர் மட்டும் இரவு பத்தரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். வராந்தா பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வசனம் ஒன்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களாம்மா?" என்றார். பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

இரண்டு நாளாகத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காத அம்மா, அன்றைக்கு மூன்று இட்லி சாப்பிட்டார்.