சிவப்பு விளக்கில் நின்றுபோகும் ஆட்டோ கார்: கியர்பாக்ஸ்தான் குற்றவாளியா?



பாரிட் புந்தாரிலிருந்து நிபோங் திபால், பிறை பக்கம் வேலைக்குப் போகிறவர்களின் கார்களில் பழைய புரோட்டோன் வீராவையும் பெரோடுவா கஞ்சிலையும் இன்றும் பார்க்கலாம். வீரா 1993-இல் வந்தது; கஞ்சில் 1994-இல் வந்தது. இரண்டின் தயாரிப்பும் 2009-இல் நின்றது. ஆகவே, இன்று சாலையில் ஓடும் ஒவ்வொரு வீராவுக்கும் கஞ்சிலுக்கும் 15 வயதுக்கு மேலாகிவிட்டது. கடனெல்லாம் கட்டி முடித்த கார், குடும்பத்துக்கு இருக்கும் ஒரே கார் என்பதால் பலர் அதை விட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள்.

இத்தகைய ஆட்டோ கார்களில் அடிக்கடி வரும் தொல்லை ஒன்று உண்டு. ஓடும்போது கார் நன்றாக ஓடும். சமிக்ஞை விளக்கில் நின்றதும் எஞ்சின் நடுங்கும், ஆர்.பி.எம். முள் கீழே இறங்கும். பிறகு பொட்டென்று நின்றுவிடும். மீண்டும் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குக் கொண்டுபோனால், "ஆட்டோ கியர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற பேச்சு எழுகிறது. கியர்பாக்ஸ் மாற்றுவது பழைய காரில் பெரிய செலவு. அதை மாற்றிய பிறகும் கார் அதே விளக்கில் நின்றுபோனால், கொடுத்த பணம் திரும்பி வராது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையால் கியர் மாற்றும் காரில் கிளட்சை மிதித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். ஆட்டோ காரில் கிளட்ச் பெடல் கிடையாது. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு காற்றாடிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழலவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். காற்றுக்குப் பதில் இங்கே எண்ணெய் வேலை செய்கிறது. D-இல் போட்டு பிரேக்கை மிதித்து நிற்கும்போதும் எஞ்சின் அந்த எண்ணெயைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். ஐடிலிங்கில் பல கார்களுக்கு ஆர்.பி.எம். 700 முதல் 850 வரைதான். அந்தக் குறைந்த வேகத்தில் இந்தச் சுமையையும் தாங்க வேண்டும். ஏர்கோன் போட்டிருந்தால் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். எஞ்சினில் சிறு பலவீனம் இருந்தாலும் முதலில் வெளிப்படுவது D-இல் நிற்கும் அந்த நேரத்தில்தான். அதனால்தான் எஞ்சினின் நோய் கியரின் நோய்போல் தோன்றுகிறது.

இதை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். திறந்தவெளியில் ஹேண்ட்பிரேக் போட்டு, P-இல் வைத்து, எஞ்சின் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஏர்கோனையும் முன்விளக்கையும் போட்டு, ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்ப வேண்டும். P-இலேயே முள் துள்ளினாலோ எஞ்சின் நின்றாலோ, கியர்மீது பழி போட நியாயமில்லை. எஞ்சின் பக்கம்தான் பார்க்க வேண்டும். P-இல் இத்தனை சுமையிலும் எஞ்சின் உறுதியாக நின்று, D-இல் மட்டும் சாய்ந்தால், அப்போது கியர் பக்கமும் சந்தேகப்படலாம்.

அடுத்த கேள்வி, "எப்போது நிற்கிறது?" என்பது. பதிலைப் பொறுத்துத் தேட வேண்டிய இடம் மாறும்.

ஏர்கோன் போட்டதும் அல்லது D-க்கு மாற்றியதும் நின்றால், ஐடிலிங்கைச் சரிசெய்யும் பகுதியைப் பார்க்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் கார்களில் த்ரோட்டல் பாடியில் கரி படிந்து காற்று வழி அடைபடும். சுமைக்கு ஏற்பக் கூடுதல் காற்றை விடும் சிறு மோட்டார் ஒன்று இருக்கிறது. பட்டறைகளில் அதை 'சர்வோ' என்பார்கள். அது சிக்கிக்கொண்டாலும் எஞ்சின் மூச்சுத் திணறும். பல நேரங்களில் நன்றாகச் சுத்தம் செய்தாலே போதும். கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில் ஐடிலிங் ஜெட் அடைப்பையும், ஏர்கோனுக்காக ஆர்.பி.எம்-ஐ உயர்த்தும் பகுதியையும் பார்க்க வேண்டும்.

காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் நின்றால், தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார் சந்தேகத்துக்குரியது. கார்புரேட்டர் காரானால் சோக் பகுதியைப் பார்க்க வேண்டும்.

நீண்ட தூரம் ஓடிய பிறகு நின்று, உடனே ஸ்டார்ட் ஆகாமல், அரைமணி நேரம் ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் அது வேறு கதை. சூட்டில் மயங்கும் மின்பாகங்களின் வேலை அது. இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சார், பெட்ரோல் பம்ப் ஆகியவற்றைச் சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும்.

முள் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால், எங்கோ காற்று கசிகிறது என்று பொருள்படலாம். நம் நாட்டு வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் ரப்பர் ஹோஸ்கள் காய்ந்து வெடிக்கும். 'உஸ்' என்ற ஓசை கேட்கும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் ஐடிலிங் மாறினால் பிரேக் பூஸ்டரையும் அதன் ஹோஸையும் முதலில் பார்க்க வேண்டும். பிரேக் சம்பந்தப்பட்டதால் இதைத் தள்ளிப் போடக் கூடாது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தாலும் சில கார்களில் ஐடிலிங் ஆடும்.

கியர் பக்கம் உண்மையாகவே தவறு இருக்கும் நிலையும் உண்டு. டார்க் கன்வெர்ட்டருக்குள் 'லாக்-அப்' வசதி உள்ள கார்களில், நெடுஞ்சாலையில் போகும்போது எஞ்சினையும் கியரையும் அது நேராகப் பூட்டிவிடும். வேகம் குறைந்ததும் அது விடுபட வேண்டும். விடாவிட்டால், கிளட்ச் மிதிக்காமல் நிறுத்திய கார்போல எஞ்சின் குலுங்கி நின்றுவிடும். இதற்கும் முழு கியர்பாக்ஸையும் மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. அதை இயக்கும் சொலனாய்டு, அதன் வயர், கியர் எண்ணெயின் அளவு, நிறம், வாடை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய் கறுத்து, கருகிய வாடை வீசினால்தான் கவலை பெரிது.

இன்னொன்று: D-இல் கார் நடுங்குகிறது, ஆனால் ஆர்.பி.எம். சரியாக இருக்கிறது, எஞ்சின் நிற்பதும் இல்லை என்றால், பெரும்பாலும் எஞ்சின் மவுண்டிங் தேய்ந்திருக்கும். அதையும் கியர் நோய் என்று எண்ணிச் செலவு செய்தவர்கள் உண்டு.

ஆகவே, சிறிய செலவிலிருந்து பெரிய செலவுக்குப் போவதே முறை. பேட்டரி முனைகள், ஸ்பார்க் பிளக், வயர், ஏர் ஃபில்டர், ஹோஸ்கள், த்ரோட்டல் பாடி, சர்வோ, சென்சார்கள், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில்தான் கியர்பாக்ஸுக்கு வர வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில நாள் ஐடிலிங் தடுமாறினால், காரின் கம்ப்யூட்டர் கற்றுவைத்ததை மறந்துவிட்டு மீண்டும் கற்கிறது என்றும் இருக்கலாம்.

செலவைவிட உயிர் பெரிது. பாரிட் புந்தாருக்கும் பாகான் செராய்க்கும் இடையே கூட்டரசு சாலையில் இரவில் லாரிகள் போகும் நேரத்தில் கார் நின்றுபோனால் என்ன செய்வது? எஞ்சின் நின்றதும் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். திரும்பும், ஆனால் பலம் கொடுத்துத் திருப்ப வேண்டும். பிரேக் பூஸ்டரில் ஓரிரு முறை மிதிக்கும் அளவுக்குத்தான் உதவி மிச்சமிருக்கும். ஆகவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தமாக மிதித்து ஓரமாக நிறுத்த வேண்டும். அபாய விளக்கைப் போட வேண்டும். ஓடும்போது எக்காரணத்தாலும் சாவியை உருவக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஆட்டோ கார் P அல்லது N-இல்தான் ஸ்டார்ட் ஆகும். தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. இழுத்துப் போக வேண்டியிருந்தால் முன்சக்கரங்களைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது கியருக்குள் எண்ணெய் ஓடாது, இழுத்தால் நல்ல கியரும் கெட்டுவிடும்.

பட்டறைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வைத்தால் நல்லது: எந்த நேரம் நின்றது, எஞ்சின் சூடா குளிரா, ஏர்கோன் போட்டிருந்ததா, D-இலா N-இலா, உடனே ஸ்டார்ட் ஆனதா, செக் எஞ்சின் விளக்கு எரிந்ததா. நல்ல ஃபோர்மேன் இந்தத் தாளைப் பார்த்து மகிழ்வார். பாதி வேலை முடிந்தது என்பார். கியர் மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், "எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். அதற்குத் தெளிவான பதில் வந்தால் பணத்தை எடுத்துக் கொடுக்கலாம். வராவிட்டால் இன்னொரு பட்டறையிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.