தவழ ஒரு தரை



நினைவுப் பேருரை என்றதும் நாங்கள் இலக்கியம் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாங்கள் தரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

காலனித் தொகுப்பு வீட்டில் வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் பாதிப்பேராவது இருப்பீர்கள். ஒரே அறை. அதற்குள்தான் அடுப்பு, அரிசி மூட்டை, பாயில் படுத்திருக்கும் தாத்தா எல்லாம். மழைக்காலத்தில் கூரைக் காரை பெயர்ந்து விழும், தரை ஓதம் ஏறி நசநசக்கும். எட்டு மாதப் பிள்ளையை அங்கே எப்படி இறக்கி விடுவது? தூளியில் கிடக்கும், இல்லையென்றால் அக்காவின் இடுப்பில் இருக்கும். "கீழ விடாதடி, பூரான் கெடக்கும்" என்று பாட்டி சொன்னதை அறியாமை என்று எழுதியவர்கள் உண்டு. பூரான் கிடந்தது.

தவழும் பிள்ளை தானாக ஒன்றைப் பார்த்து, தானாகப் போய், எடுத்துப் பார்க்கிறது. இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய 80 சதவீதம் வளர்ந்துவிடுகிறது. அந்த இரண்டு வருடமும் எங்கள் பிள்ளை தூளியில். கீழே விட்டாலோ, சாக்கடை பொங்கும் தெரு மண் வாய்க்குள் போகிறது. ஓயாத வயிற்றுப்போக்கில் குடல் கெட்டு, தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை. சத்துமாவு கொடுத்தும் எடை ஏறவில்லையே என்று திட்டு வாங்குவது தாய்தான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. தலித் பிள்ளைகளில் அது 39.

நாங்கள் சமூகவியல் படித்தபோது 'பண்பாட்டுக் குறைபாடு' என்று ஒரு பாடம் இருந்தது. ஏழை வீட்டில் பேச்சு வளம் இல்லை, அதனால் பிள்ளை மந்தம் என்பது அதன் சாரம். சேரியில் பேச்சுக்கா பஞ்சம்! மெக்சிகோவின் கோவாஹுய்லா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு முதல் மண்தரை வீடுகளுக்கு அரசு சிமெண்ட் தரை போட்டுக் கொடுத்தது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், ஒட்டியே இருந்த ஊரில் போடவில்லை. ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். தரை போட்ட வீடுகளில் குடற்புழு, வயிற்றுப்போக்கு, ரத்தசோகை குறைந்திருந்தன. பிள்ளைகள் மொழித் தேர்வுகளிலும் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். அந்தத் தாய்களுக்கு யாரும் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை. சிமெண்ட்தான் போட்டார்கள்.

அப்படியானால் பெரும்பாக்கத்தில்தான் தரை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எட்டு மாடிக்கும் இருக்கிறது. ஆனால் கூவம் கரையில் இருந்தபோது தாய் வீட்டுவேலைக்குப் போனால் பக்கத்துக் குடிசை அத்தை பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். இப்போது அதே வேலைக்கு விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். அத்தைக்கு விழுந்தது வேறு பிளாக். மூத்தவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியை வைத்துக்கொண்டிருக்கிறாள்.