வளவில் நிற்பது கோப்பைக்கு வரட்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஆரோக்கியம் பற்றிச் சிறிது நேரம் பேசும்படி சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். வைத்தியர் மேடையேறினால் நோய்களின் பட்டியல் ஒன்று வரும் என்று நீங்கள் பயப்படுவது முகங்களில் தெரிகிறது. பயப்பட வேண்டாம். வீட்டுத்தோட்டத்து மரக்கறியை அன்றாடச் சாப்பாட்டில் சேர்ப்பது பற்றி மட்டுமே பேச வந்திருக்கிறோம்.

எப்படிப் பயிரிடுவது என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1990களில், பொருளாதாரத் தடைக்குள் இந்தப் பாடசாலையில் படித்தவர்கள் எங்கள் வகுப்பினர். யூரியாவுக்குத் தடை. மாட்டெருவும் சாம்பலும் வேப்பங்குழையும்தான் பசளை. போத்தல் விளக்கு வெளிச்சத்தில் கீரை ஆய்ந்துகொண்டே அடுத்த நாள் பாடத்தை மனனம் செய்தோம். 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் போனபோது, காய்க்கத் தொடங்கியிருந்த மிளகாய்க் கன்றுகளை நினைத்து அழுத அம்மாமாரும் எங்களிடையே இருந்தார்கள். பிறகு 2022இல், எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். அந்த ஆண்டு கொத்திய பாத்திகள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அதுவும் இல்லாதவர்களுக்கு வேலியில் ஒரு முருங்கை, கிணற்றடியில் ஒரு வாழை, குசினி வாசலில் ஒரு கறிவேப்பிலை என்று ஏதாவது நிற்கும்.

எங்கள் கவலை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. களைப்பு, தலைச்சுற்று, படியேற மூச்சு வாங்குகிறது என்று கிளினிக்குக்கு வரும் பெண்கள் பலருக்கு ஈமோகுளோபின் 9, 10 என்றுதான் இருக்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12க்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக் கூடாது.

“வீட்டில கீரை ஒண்டும் இல்லையோ அம்மா?”

“முருங்கை நிக்குது டொக்டர்.”

“போன கிழமை சமைச்சனீங்களோ?”

“ரெண்டு தரம் வறுத்தனான். இவருக்கும் பிள்ளையளுக்கும் போட முடிஞ்சுது. நான் சொதியோட சாப்பிட்டிட்டன்.”

இந்தப் பதிலை எத்தனை தரம் கேட்டுவிட்டோம்! சொல்பவர்களில் தோட்ட வேலை செய்பவர்களும் உண்டு; ஆசிரியைகளும் வங்கியில் பெரிய பதவியில் இருப்பவர்களும் உண்டு. நூறு ஆண்டுகளாகப் பெண்களைப் படிப்பித்து அனுப்பும் பாடசாலை இது. ஆனாலும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியிருப்பதைத் துடைத்துச் சாப்பிடும் பழக்கம் மட்டும் பட்டம் பெற்ற எங்களையும் விட்டுப் போகவில்லை. மாதவிடாய் நிற்கும்வரை ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இரும்புச்சத்து எங்களுக்குத் தேவை. வீட்டில் கீரையைக் கூடுதலாகச் சாப்பிட வேண்டியவர் அகப்பை பிடிப்பவர்தான். அடுத்த முறை வறையை இறக்கியதும் உங்கள் பங்கை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் டொக்டர் சொன்னவ என்று சொல்லுங்கள்.

கீரையில் உள்ள இரும்புச்சத்து, மீனிலும் இறைச்சியிலும் உள்ளதைப்போல இலகுவில் உடம்பில் சேராது. விற்றமின் சி கூட இருந்தால் நன்றாகச் சேரும். எங்கள் அம்மம்மாமார் வறையை இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விட்டார்களே, அது ருசிக்கு மட்டுமென்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அடுப்பில் இருக்கும்போது புளி விட்டால் அந்த விற்றமினில் ஒரு பகுதி சூட்டில் அழிந்துவிடும், கைக்கவும் செய்யும். சாப்பிட்ட கையோடு குடிக்கிற தேத்தண்ணி இதற்கு நேர்மாறு. தேயிலைச் சாயம் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணிகளும் இரத்தம் குறைந்தவர்களும் கிளினிக்கில் தரும் குளிசைகளைக் கீரை சாப்பிடுகிறோம் என்பதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

ருசிக்கு வருவோம். சந்தையில் வாங்கும் பயித்தங்காய் நேற்றோ முந்தநாளோ பிடுங்கியதாக இருக்கும். வளவில் காலையில் பிடுங்கிய காயை ஒடித்தால் ‘பட்’டென்று முறியும், நார் இருக்காது. அதற்குத் தூளும் எண்ணெயும் அள்ளிக் கொட்டத் தேவையில்லை. பச்சைமிளகாய், வெங்காயம், கொஞ்சம் வெந்தயம், கடைசியில் முதற்பால் விட்டு ஒரு கொதி. பிஞ்சு வெண்டிக்காயும் அப்படித்தான். ஒரு நாள் தவறவிட்டால் முற்றிப்போகும், ஆகவே காலையில் ஒரு சுற்று வளவுக்குள் போய்வர வேண்டும். அந்த நடையும் உடம்புக்கு நல்லது! கீரை பிடுங்கிய நேரத்திலிருந்து அதன் விற்றமின் சியும் போலிக்கமிலமும் குறையத் தொடங்கும். தண்ணீரில் நிறைய நேரம் ஊறவிட்டாலும், அரிந்த பிறகு கழுவினாலும் இன்னும் போகும். கழுவி, அரிந்து, உடனே சமைப்பதே நல்லது. தேங்காய்ப்பூவுக்குப் பயந்து கீரையை வெறும் தண்ணீரில் அவிக்கும் நீரிழிவு நோயாளர்களையும் காண்கிறோம். ஒரு பிடி தேங்காய்ப்பூ இருக்கட்டும். கீரையிலும் பூசணிக்காயிலும் உள்ள கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

காலையில் பிட்டு அவிப்பவர்கள் மாவோடு ஒரு கை முருங்கையிலையைச் சேர்த்துக் கீரைப்பிட்டாக்கலாம். மத்தியானத்துக்கு ஒரு வறை, ஒரு பால்கறி, வல்லாரைச் சம்பல். “இலை தின்ன நாங்கள் என்ன ஆடோ?” என்று கேட்கும் பிள்ளைகளைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற விடுங்கள். தாங்கள் நட்டதை ஒரு வாயாவது சாப்பிட்டுப் பார்ப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆகக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இந்தக் கணக்கில் வராது. அவை சோற்றின் பக்கம். எங்கள் சோற்றுக் கோப்பைகளைப் பார்த்தால், நடுவில் ஒரு மலை, ஓரத்தில் ஒரு கரண்டி கறி. கோப்பையின் பாதி மரக்கறியாக வேண்டும். சோற்றை முதலில் போட்டுவிட்டு மிச்ச இடத்தைத் தேடினால் இது நடக்காது. கறிகளை முதலில் போடுங்கள்.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கீரை வகைகளில் உள்ள பொற்றாசியம் பற்றித் தங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாபரின் குளிசை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இன்னொன்று, வளவில் காய்க்கிறதுதானே என்று பிலிம்பிக்காயைச் சாறு பிழிந்து மருந்துபோல் குடிக்கும் வழக்கம் பரவுகிறது. கறிக்கு இரண்டு காய் போடுவதில் பயமில்லை. கிளாஸ் கணக்கில் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

இனி நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். மண்டப வாசலில் எங்கள் வகுப்பினர் வல்லாரைக் கொடிகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பிடி எடுத்துச் செல்லுங்கள். கொழும்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு சாடி போதும். வீட்டிலே நிழலான இடமாகப் பார்த்து, அரிசி கழுவும் தண்ணீர் போகிற பக்கத்தில் நடுங்கள். சவர்க்காரத் தண்ணீர் படவேண்டாம். வேர்பிடித்துப் படர்ந்த பிறகு, இலையைக் காம்போடு கிள்ளினால் போதும், கொடியை இழுக்காதீர்கள்.