தச்சு வரைபடங்களும் கோப்பு வடிவங்களும்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த தச்சுத் தொழிலாளர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார அபிவிருத்தி அதிகாரி ஆற்றிய உரை)



வைகாசி மாதத்தில் திருக்காமீசுவரர் தேரை வடம் பிடித்து இழுக்கும் ஊரில் நாம் கூடியிருக்கிறோம். தேரைக் கட்டிய கை தச்சன் கை. வீட்டுக்கு நிலையும் கதவும், குழந்தைக்குத் தொட்டிலும் நடைவண்டியும் தந்ததும் அதே கைதான். ஆயினும் இன்று அந்தக் கைக்கு முன்போல் வேலை இல்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். இரும்புக் கதவும் பிளாஸ்டிக் கதவும் கடையில் தயாராகக் கிடைக்கின்றன. தச்சர் வீட்டுப் பிள்ளைகள் உளியை வைத்துவிட்டுச் சேதராப்பட்டு ஆலைகளுக்கு வேலை தேடிச் செல்கின்றனர்.

இந்நிலையில் புதியதோர் வருவாய் வழி திறந்திருக்கிறது. மரப்பொருளை விற்பதோடு, அதன் வரைபடத்தையும் இணையத்தின் வாயிலாக விற்கலாம். ஒரு கதவை ஒருவருக்குத்தான் விற்க முடியும். ஒரு வரைபடத்தையோ நூறு பேருக்கு விற்கலாம். வெளிநாடுகளில் பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்வோர் மிகப் பலர். அவர்கள் வரைபடத்தை விலைக்கு வாங்கித் தம் வீட்டுப் பட்டறையில் பொருளைச் செய்துகொள்கின்றனர். நம் பல்லாங்குழியும் நடைவண்டியும் அவர்களுக்குப் புதுமையானவை.

ஆனால் இந்த வாணிபத்தில் ஓர் இடர் உண்டு. சென்ற ஆண்டு நம் பகுதித் தச்சர் ஒருவர் பல்லாங்குழிப் பலகையின் வரைபடத்தை விற்றார். வாங்கியவரின் இயந்திரத்தில் அது நான்கில் மூன்று பங்கு அளவில் வெட்டப்பட்டது. நல்ல மரம் வீணாயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. வரைபடத்தில் பிழை இல்லை. அதை எந்தக் கோப்பு வடிவில் எவ்வாறு அனுப்புவது என்பதிலேதான் குறை இருந்தது. ஆகவே அதைப் பற்றி இன்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

படம் வேறு, வரைபடம் வேறு

கணினியில் உருவத்தைப் பதிந்து வைக்க இரு முறைகள் உண்டு. ஒன்று, புள்ளி முறை. கைப்பேசியில் எடுக்கும் புகைப்படம் இவ்வகையைச் சேர்ந்தது. ஜே.பி.ஜி. என்ற வடிவம் இதற்கு உதாரணம். படத்தைப் பெரிதாக்கினால் கோட்டின் விளிம்பு படிக்கட்டுப் போலத் தெரியும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அதன் தெளிவு இன்னும் குறைந்துவிடும். மற்றொன்று, கோட்டு முறை. இதில் "இந்த இடத்தை மையமாகக் கொண்டு, இத்தனை ஆரத்தில் ஒரு வட்டம்" என்ற கணக்கே பதிவாகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே இருக்கும்.

புகைப்படத்தைக் கடை வாசலில் தொங்கும் மாதிரிப் பொருளாகக் கருதுங்கள். வாங்குபவர் கண்டு மகிழ அது வேண்டும். விற்கும் சரக்கு அதுவன்று. விற்கும் சரக்கு கோட்டு முறையிலேயே இருக்க வேண்டும்.

கையால் அறுப்பவருக்கு பி.டி.எப்.

வாங்குவோரில் பலர் தாளில் அச்சிட்டு, அதை மரத்தின் மேல் ஒட்டி, கோட்டின் வழியே அறுப்பவர்கள். இவர்களுக்கு பி.டி.எப். என்ற வடிவமே ஏற்றது. 1993-ஆம் ஆண்டு அடோபி நிறுவனம் வெளியிட்ட இவ்வடிவம் 2008-இல் உலகத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. கைப்பேசி முதல் கணினி வரை எதிலும் திறக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது அச்சிடும் அளவு. நம் நாட்டில் வழங்கும் ஏ-4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. அமெரிக்காவில் வழங்கும் தாளோ 216 மில்லிமீட்டர் அகலமும் 279 மில்லிமீட்டர் நீளமும் உடையது. ஏ-4 தாளுக்கென வரைந்ததை அங்கே "தாளுக்குப் பொருந்துமாறு" அச்சிட்டால் அது சுமார் 94 சதவிகிதமாகச் சுருங்கிவிடும்.

ஓர் உதாரணம் காண்போம். பல்லாங்குழிப் பலகை 18 அங்குல நீளமும் ஐந்தரை அங்குல அகலமும் உள்ளது என்று கொள்வோம். வரிசைக்கு ஏழு குழி. ஒவ்வொரு குழியும் 2 அங்குல விட்டம். இடைவெளிகளும் ஓரங்களும் நான்கு நூல். பலகையின் நீளம் மில்லிமீட்டரில் 457 ஆகும். ஒரே தாளில் இது அடங்காது. சரிபாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் 229 மில்லிமீட்டர்; இரு நாட்டுத் தாள்களிலும் ஓரம் விட்டு அடங்கும். இரு பாதிகளையும் சேர்த்து ஒட்டுவதற்கு அடையாளக் குறி இடுங்கள். முதல் தாளின் மூலையில் பக்கத்துக்கு 50 மில்லிமீட்டர் உள்ள ஒரு சதுரம் வரைந்து, "இதை அளந்து பார்த்த பிறகே மரத்தை அறுக்கவும்" என்று எழுதுங்கள். இச்சிறு சதுரம் பல மரங்களைக் காப்பாற்றும்.

இயந்திரத்துக்கு டி.எக்ஸ்.எப்., எஸ்.வி.ஜி.

கணினியின் கட்டளைப்படி மரத்தைக் குடையும் சி.என்.சி. இயந்திரங்களை நம் பகுதியிலும் காண்கிறோம். இவற்றை உடையவர்கள் பெரும்பாலும் கேட்பது டி.எக்ஸ்.எப். வடிவம். 1982-இல் ஆட்டோகேட் என்ற வரைவுச் செயலியோடு பிறந்தது இது. இதில் பல பதிப்புகள் உண்டு. ஆர்-12 எனப்படும் பழைய பதிப்பைத் திறக்காத செயலி அரிது. எனவே அதில் சேமிப்பதே பாதுகாப்பானது. அப்பதிப்பில் நெளிவு வளைவுகள் சிறு சிறு நேர்க்கோடுகளாக மாறிவிடும். ஆகையால் மாற்றும்போது கோடுகளை நுண்ணியதாக அமைக்க வேண்டும்.

டி.எக்ஸ்.எப். கோப்பில் 457 என்ற எண் இருக்கும். அது மில்லிமீட்டரா அங்குலமா என்பது பல வேளைகளில் இராது. நாம் மில்லிமீட்டராக எழுதியதை மற்றவர் அங்குலமாகத் திறந்தால் பல்லாங்குழி 38 அடி நீளமாகிவிடும்! கோப்பின் பெயரிலேயே அளவின் அலகைச் சேர்த்து எழுதிவிட்டால் இக்குழப்பம் நீங்கும்.

எஸ்.வி.ஜி. என்பது உலக இணையப் பேரவை 2001-இல் ஏற்ற வடிவம். லேசர் வெட்டு இயந்திரம் வைத்திருப்போரும் இங்க்ஸ்கேப் என்ற இலவசச் செயலியை உபயோகிப்போரும் இதை விரும்புவர். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி என்று சில செயலிகளும், 96 புள்ளி என்று வேறு சிலவும் கணக்கிடுகின்றன. 72-இல் எழுதியதை 96-இல் படித்தால் உருவம் நான்கில் மூன்று பங்காகும். 457 மில்லிமீட்டர் பலகை 343 ஆகும். முன்பு நாம் சொன்ன தச்சருக்கு நேர்ந்தது இதுவே. விற்பதற்கு முன் வேறொரு செயலியில் திறந்து அளந்து பார்த்தால் பிழை அங்கேயே புலப்படும்.

வடிவம் எதுவாயினும் கோடுகள் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு கோடு இருந்தால் இயந்திரம் இரண்டு முறை வெட்டும். வட்டம் முழுமையாக மூடாதிருந்தால் குழி குடைய இயலாது. வெட்டும் கோட்டை ஒரு நிறத்திலும், செதுக்கும் கோட்டை மற்றொரு நிறத்திலும் பிரித்துக் காட்டுங்கள். மேலும், 6 மில்லிமீட்டர் பிட் உள்மூலையைச் சதுரமாக வெட்டாது. 3 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தே விடும். நடைவண்டியின் துளைகளில் கட்டை சரியாக அமர, மூலையில் சிறிது கூடுதலாகக் குடைய இடம் விடுவது அவசியம். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு அமைத்த துளையில் 19 மில்லிமீட்டர் பலகை நுழையாது. ஆதலால் பலகையின் கனத்தையும் குறிப்பிடுங்கள்.

குழியும் மேடும்

டி.எக்ஸ்.எப். வரைபடம் பல்லாங்குழியின் குழியை வட்டமாகத்தான் காட்டும். குழி எவ்வளவு ஆழம், எப்படி வளைகிறது என்று அது சொல்லாது. தாமரை, யாளி போன்ற புடைப்பு வேலைகளும் அவ்வாறே. இவற்றுக்கு 1987-இல் தோன்றிய எஸ்.டி.எல். என்ற முப்பரிமாண வடிவம் வேண்டும். அது மேற்பரப்பைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்து வைக்கிறது. முக்கோணம் பெரிதானால் குழி வழவழப்பாக இராது. மிகச் சிறிதானால் கோப்பு மிகப் பெரிதாகும். இதிலும் அலகு பதிவாவதில்லை. தட்டையான வேலைக்கு இவ்வடிவம் தேவையில்லை.

இயந்திரத்துக்கு நேரே கொடுக்கும் ஜி-கோடு என்ற கட்டளைத் தொகுப்பை விற்க வேண்டாம் என்பது நம் ஆலோசனை. அது குறிப்பிட்ட பிட்டுக்கும், குறிப்பிட்ட கனத்துக்கும், குறிப்பிட்ட இயந்திரத்துக்கும் எழுதப்பட்டது. வேறு இயந்திரத்தில் ஓட்டினால் பிட் உடையலாம். ஆளுக்கே அபாயம் நேரலாம்.

மூலமும் எழுத்தும்

நம் ஊர் அச்சகங்களில் கோரல்டிரா செயலியில் வரைவது வழக்கம். அதன் சி.டி.ஆர். கோப்பு நமக்கு மூலமாக இருக்கட்டும், விற்பனைக்கு வேண்டாம். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறப்பதில்லை. செயலி இல்லாதவருக்கோ அது பயனே இல்லை. மூலக்கோப்பை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பெயர் பொறித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் எழுத்து பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். ஆகவே எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய பிறகே கோப்பை அனுப்ப வேண்டும்.

பலவாகக் கொடுப்பதே நன்று

எந்த ஒரு வடிவமும் எல்லாருக்கும் பொருந்தாது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் பாகூர்க் கல்விச்சாலைக்கு ஊர்களைக் கொடையளித்த செப்பேடு, வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டது. படிப்பவர் இரு வகையினர் என்பதை எழுதியவர் அறிந்திருந்தார். நாமும் அவ்வாறே செய்வோம். ஒரு விலைக்கு பி.டி.எப்., எஸ்.வி.ஜி., டி.எக்ஸ்.எப். மூன்றையும் ஒன்றாகக் கொடுங்கள். புடைப்பு வேலையானால் எஸ்.டி.எல். சேருங்கள். அளவு, கனம், பிட், உபயோக உரிமை ஆகியவற்றைக் கூறும் ஒரு பக்கக் குறிப்பும் உடன் இருக்கட்டும்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, அதைக் கொண்டு உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50-க்கு மேற்பட்ட பொருள்களைச் செய்துவிட்டால், அதன் மீதுள்ள பதிப்புரிமை நீங்கிவிடும். சொந்தமாகப் படைத்த புதிய வடிவமைப்பை 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டும், நீட்டிப்பில் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. வெளியிடுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். வாங்குபவர் தம் வீட்டுக்கு மட்டும் செய்யலாமா, செய்து விற்கவும் செய்யலாமா என்பதைக் குறிப்பில் தெளிவாக எழுதுங்கள்.

வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. குயவர் பெற்ற பெருமையைத் தச்சரும் பெற வேண்டாமா? 2023-இல் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் தச்சரும் சேர்க்கப்பட்டுள்ளனர். பயிற்சியும், கருவிகளுக்கென 15,000 ரூபாயும் அதில் உண்டு.

இளைஞர்களே, கணினியை நீங்கள் அறிவீர்கள். மரத்தை உங்கள் தந்தையர் அறிவர். அவர்கள் மரத்தில் கண்ட அளவை நீங்கள் கோப்பில் பிசகாமல் பதிய வேண்டும். வரும் வாரம் முழுவதும் மாலை வேளையில் இம்மண்டபத்தில் செயல்முறைப் பயிற்சி நடைபெறும். ஒவ்வொருவரும் தாம் செய்த ஒரு பொருளின் அளவுகளைத் தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். அதையே மூன்று வடிவங்களில் ஆக்கி, அச்சிட்டு, அளந்து பார்ப்போம்.