பாதி வழியில் திரும்பினோம்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற யாத்திரைக் காலத்தில் சிவனொளிபாத மலைக்குப் புறப்பட்ட நாங்கள் ஒன்பது பேரும் உச்சியைக் காணாமலே திரும்பினோம் என்பதை நீங்கள் அறிவீர்கள். “வாலிபப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதானா வலு?” என்று பெரியோர் சிலர் வினவினர். அதற்கு விடை கூறவே இன்று இம்மேடையில் நிற்கிறோம்.

டிசம்பர் மாதப் பௌர்ணமி தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை மக்கள் இம்மலை ஏறுகின்றனர். இதன் உயரம் 7,359 அடி. நல்லதண்ணி வழியே செல்வோர் உயர்ந்த தேயிலை நாட்டிலிருந்தே ஏறத் தொடங்குகின்றனர். நமது இரத்தினபுரி வழியோ பலாபத்தலையின் தாழ்ந்த அடிவாரத்தில் தொடங்குகிறது. ஆகவே நெடியது, கடியது. 1344-ம் ஆண்டில் இம்மலை ஏறிய இபின் பதூதா என்னும் யாத்திரிகர், பாறைகளிற் பிணைத்திருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியுள்ளார்.

அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டு சென்றோம். ஆனால் அடக்கத்தைக் கொண்டு செல்லவில்லை. யார் முந்துவது என்று அடிவாரத்திலேயே ஓட்டம் பிடித்தோம். பின்தங்கிய தம்பி ஒருவனைக் கேலி செய்தோம். அதற்கு அஞ்சியே அவன் தன் களைப்பை மறைத்தான். மூச்சு வாங்கி நாங்கள் அமர்ந்திருந்தபோது, அறுபது வயதைக் கடந்த கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர், ஒரே சீராக அடிமேல் அடி வைத்து எங்களைக் கடந்து போனார்.

நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டது. ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். நனைந்த துணியும் மலைக்காற்றும் சேர்ந்தால் உடற்சூடு விரைந்து வெளியேறும். ஹெரமிட்டிபானத் தங்குமடத்தை அடைந்தபோது தம்பியின் உடல் நடுங்கியது, நா குழறியது, கால் தடுமாறியது.

காற்று மெலிவதால் வரும் மலைநோய் பெரும்பாலும் 8,000 அடிக்கு மேலேதான் தோன்றும். எனவே இங்கு எங்கள் பகை மெலிந்த காற்றன்று. ஈரமும் குளிரும் களைப்புமே. சிறிது சாராயம் கொடுத்தாற் சூடு பிறக்கும் என்றார் ஒருவர். அது தவறு. சாராயம் தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்து, உள்ளிருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும். அந்த அம்மாவும் மடத்தில் இருந்தார். “ஈரத்துணிய மொதல்ல கழட்டுங்கப்பா” என்று அதட்டித் தமது கம்பளியை அவனுக்குப் போர்த்தினார். சீனி மிகுந்த தேநீரைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தோம். விடியும் வேளையில் நடுக்கம் தணிந்து தெளிவாகப் பேசினான்.

எங்களுட் சிலர் அவனை மடத்தில் விட்டு உச்சிக்குப் போக விரும்பினோம். வெட்கத்தை விட்டு இதையும் சொல்கிறோம். “நீங்க போங்கண்ணே, நான் இருந்துக்கிறேன்” என்றான் அவனும். அச்சொல்லே எங்களைத் தடுத்தது. களைப்பை மறைத்த அதே வாய்தானே அதையும் சொல்லிற்று? இறங்கும் வழியில் முழங்கால் தளரும். அவனைத் தாங்க ஆள் வேண்டும். ஒன்பது பேரும் இறங்கினோம்.

பெரியோர்களே, உச்சியைத் தொடாதது எமக்குக் குறையன்று. தம்பி தன் நோவைச் சொல்ல அஞ்சும்படி நாங்கள் நடந்துகொண்டதே குறை. அடுத்த பருவத்தில் மீண்டும் செல்வோம். மாற்றுத்துணியை நனையாமற் கட்டிக்கொண்டு, மெல்ல நடப்பவனை முன்னே விட்டு, அவன் நடைக்கே நாங்களும் நடப்போம். அந்த அம்மாவின் கம்பளியை வெளுத்து அவரிடமே சேர்த்துவிட்டோம். கடன் மட்டும் தீரவில்லை.